கூலி: களத்துமேட்டிலிருந்து கப்பலேறிய சொல்



நம் தஞ்சை வயல்களில் கூலி என்றால் மரக்காலால் அளந்து போடும் நெல். நடவுக் கூலி, அறுப்புக் கூலி என்று வேலைக்கேற்ப அடைமொழி மாறும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்போம். குஜராத்தின் கோலி குடியினர் பெயரும் இதனோடு கலந்திருக்கிறது என்பாருண்டு, இருக்கலாம். ஆனால் கடல் கடந்த பிறகு இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது வேறு கதை.

1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மொரீஷியசுக்குப் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. மலாயாவுக்கு நாகப்பட்டினமே வாசல். போனவர்களைத் தோட்ட முதலாளிகள் 'கூலி' என்றார்கள். அந்தப் பெயர் கரும்புத் தோட்டத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் முடித்துக் காய்கறி விற்றவரும், சொந்தச் செலவில் போன வணிகரும், அங்கேயே பிறந்த குழந்தையும் கூலிதான். தென்னாப்பிரிக்க டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டு 3ஆம் சட்டத்தைப் பாருங்கள். குடியுரிமை மறுக்கப்பட்ட ஆசிய இனங்களை வரிசைப்படுத்தும்போது கூலிகள், அரேபியர், மலாய்க்காரர் என்று போகிறது. உழைப்பின் விலை இனத்தின் பெயராகிச் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

1893இல் தென்னாப்பிரிக்கா போன காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தமிழர் பெயர்களின் முடிவிலுள்ள 'சாமி'யையும் வெள்ளையர் ஏளனமாக்கியதை அவர் தம் வரலாற்றில் பதிந்திருக்கிறார். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் இல்லையே என்று சிலர் திருப்பிக் கொடுத்தார்களாம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மேல் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விழுந்தது. அந்த வரியையும், நம் திருமணங்களைச் செல்லாதவையாக்கிய தீர்ப்பையும் எதிர்த்து 1913இல் சிறை சென்றவர்களில் ஒருவர் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், குடும்ப வேர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. நோயோடு விடுதலையாகி 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். மறு ஆண்டே காந்தி தில்லையாடிக்கு வந்தார்.

இங்கே அதே சொல் வேறு வழியில் போனது. 1940களில் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் பண்ணையாட்களைத் திரட்டியபோது, அவர்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்ற குரலோடு கூலி உயர்வும் சேர்ந்து ஒலித்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதற்குப் பின்னணியும் கூலிப் போராட்டம். இந்த மண்ணில் கூலி என்பது நிமிர்ந்து நின்று கேட்கும் உரிமை. 2025இல் வெளிவந்த ரஜினிகாந்த் படத்துக்கு அதைத் தலைப்பாக வைத்தபோது நமக்கு உறுத்தவில்லை.

ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் கயானாவிலும் இன்று அது வசைச்சொல். "நம் தமிழ்ச் சொல்தானே, இதில் என்ன இழிவு?" என்று அங்கிருந்து வரும் உறவினரிடம் கேட்பவர்களை நான் ஏற்கமாட்டேன். சொல் நம்முடையது, அதன் அடியை வாங்கியவர்கள் அவர்கள். மொரீஷியசில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய 'கூலி காட்' இன்று அப்ரவாசி காட். 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. அதே தீவின் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் அந்தச் சொல்லையே எடுத்து 'கூலிட்யூட்' என்று ஒரு தன்மானக் கொள்கையை உருவாக்கினார். விலக்கவும் மீட்கவும் உரிமை அவர்களுக்கே.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'இத்தனை கூலிகள் ஏற்றப்பட்டனர்' என்ற ஆவண நடையை அப்படியே எழுதாதீர்கள். நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம் பதிவாகியிருக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும் வரிகளைத் தேடி எடுத்து, அந்தந்த ஊர்களுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.