வங்கியின் தொலைவும் நம் மக்களின் வாழ்வும்

 

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோது, கல்வி நம் குழந்தைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அத்தொலைவைக் குறைக்கவே இத்தகைய கழகங்கள் தோன்றின. இன்று நாம் அளக்க வேண்டிய மற்றொரு தொலைவும் உண்டு. அது நம் குடியிருப்புக்கும் வங்கிக்கும் இடையே உள்ள தொலைவாகும். மாணவரின் உதவித்தொகையும், தாய்மார்களின் குழுக் கடனும் வங்கிக் கணக்கின் வழியாகவே வருகின்றன. ஆகவே இதுவும் கல்வியைச் சார்ந்த பொருளே.

1969 ஜூலை 19-ஆம் நாள் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. வங்கியில்லா ஊர்களில் நான்கு கிளைகள் திறந்தாலன்றி, வங்கியுள்ள ஊரில் புதிய கிளை ஒன்று திறக்கவியலாது என்னும் விதி 1977 முதல் 1990 வரை நடைமுறையில் இருந்தது. அவ்விதியின் விளைவை ஆராய்ந்த ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே ஆகியோர், கிளைகள் பரவியதால் சிற்றூர்களில் வறுமை குறைந்தது என்று 2005-இல் எழுதினர். வங்கி அருகில் இருப்பது அலங்காரமன்று. அது சோற்றுக்கு வழி என்பதற்கு இதுவே சான்று.

2019-இல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம், ஒவ்வொரு சிற்றூருக்கும் ஐந்து கிலோமீட்டருக்குள் வங்கிச் சேவை கிடைக்க வேண்டும் என்றது. நல்ல குறிக்கோள்தான். ஆயினும் அந்த ஐந்து கிலோமீட்டரை எங்கிருந்து, எவ்வழியே அளப்பது?

வரைபடத்தில் வருவாய்க் கிராமத்தை ஒரு புள்ளியாகக் குறித்தால், அப்புள்ளி பெரும்பாலும் ஊரின் மீதே விழும். வயல்களுக்கு அப்பால் உள்ள நம் காலனி அக்கணக்கில் மறைந்துபோகும். ஆகவே அளவை காலனியிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, வழியைப் பாருங்கள். மாணவர்களே, செங்கோண முக்கோணத்தை நினைவு கூருங்கள். வாய்க்கால் கரைமேல் கிழக்கே மூன்று கிலோமீட்டர், பின்னர் சாலையில் வடக்கே நான்கு கிலோமீட்டர் சென்றால் வங்கி என்று கொள்வோம். நேர்க்கோட்டில் அளந்தால் ஐந்து. கால் நடப்பதோ ஏழு. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வீதம் நடந்தால், போய்வர மூன்றரை மணி நேரம். ஒரு நாள் கூலி அங்கேயே போயிற்று. வெள்ளாறும் கொள்ளிடமும் பாயும் நம் பகுதியில், எதிர்க்கரை கண்ணெதிரே தெரிந்தாலும் பாலம் இருக்குமிடம் வரை சுற்றியே செல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வழியும் சில நாள் அற்றுவிடும்.

மூன்றாவதாக, சென்றடைந்தபின் கிடைப்பது யாது? வங்கி முகவர்களை அமர்த்திக்கொள்ள 2006 முதல் அனுமதி உண்டு. முகவரிடம் சிறுதொகை எடுக்கலாம், செலுத்தலாம். தாட்கோ மானியக் கடனுக்கோ கிளைக்கே சென்றாக வேண்டும். கிளையின் படியேறியபின் நம் மக்களை அமரச் சொல்லி மரியாதையுடன் விளக்குவோர் இல்லையெனில், அதுவும் ஒரு தொலைவே. அதனை எந்த வரைபடமும் காட்டாது.

வங்கி எட்டாதபோது தனியார் சிறுகடன் நிறுவனம் வாசலுக்கே வருகிறது. அதற்குத் தொலைவில்லை, தவணைக்கும் ஓய்வில்லை. அவ்வழி மிகுந்த கடன் எத்தகைய துயரில் முடியும் என்பதை 2010-இல் ஆந்திரம் கண்டது. மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு வருமானமுள்ள குடும்பத்தின் மாதத் தவணைகள் யாவும் சேர்ந்து, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்துள்ளது. நம் தாய்மார்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே நம் கழகத்தின் முன் ஒரு பணியை வைக்கின்றோம். கடலூர் முதல் சிதம்பரம் வரை, நம் கழகப் பிள்ளைகள் வாழும் ஒவ்வொரு காலனியிலிருந்தும் வங்கிக்குள்ள வழித்தொலைவு, செல்லும் நேரம், பேருந்துக் கட்டணம், இழக்கும் கூலி ஆகிய நான்கையும் உயர்நிலை மாணவர்கள் அளந்து எழுதட்டும். அந்தப் பட்டியலுடன் வங்கி அதிகாரிகளையும் மாவட்ட ஆட்சியரையும் அணுகுவோம். வெறும் குறையாகச் சொன்னால் கேட்டு மறப்பர். கணக்காகக் காட்டினால் விடை சொல்லியாக வேண்டும். நாம் கற்ற கணக்கு நம் தாய்மார்களின் கால்வலியைக் குறைக்கட்டும்.