ஜி.டி.ஐ. என்று ஒட்டினால் ஜி.டி.ஐ. ஆகிவிடுமா?

பைராம் தோட்டத்திலிருந்து பத்து கவானுக்கும் பிறைக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர், பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பளபளக்கும் மஞ்சள் சாயம், அகன்ற பம்பர், பின்னால் இறக்கை, கதவுக்குப் பக்கத்தில் 'ஜி.டி.ஐ.' என்ற எழுத்து. "அசல் ஜி.டி.ஐ. தம்பி, ஒரே ஓனர்" என்கிறார் விற்பவர். பல மாதச் சம்பளம் அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கைமாறப் போகிறது.

சத்ரியா 1994-இல் சந்தைக்கு வந்தது. 1.3, 1.6 லிட்டர் கார்கள்தாம் தெருவில் அதிகம் ஓடின. லோட்டஸ் பொறியாளர்களின் கைவண்ணம் கலந்த 1.8 லிட்டர் ஜி.டி.ஐ. வந்தது 1998-இல். அதன் பெயருக்கு இன்றும் தனி விலை உண்டு. அதனால்தான் சாதாரண சத்ரியாவுக்கு ஜி.டி.ஐ. வேடம் போடுகிறார்கள். வேடம் போடுவதில் தவறில்லை, ஆசைக்குச் செய்கிறார்கள். வேடத்தை அசல் என்று சொல்லிக் காசு கேட்பதுதான் மோசடி.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை, சாலை வரியே காட்டிக் கொடுத்துவிடும். தீபகற்பத்தில் 1.3 லிட்டர் தனியார் காருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. ஜி.டி.ஐ. இன்ஜின் 1,834 சி.சி. ஆகவே 280 வெள்ளியோடு, 1,800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசு சேர்ந்து 297 வெள்ளி வரும். பானெட்டுக்குள் 1.8 இன்ஜின் இருந்து, வரி 70 வெள்ளி என்றால் இன்ஜின் மாறிய செய்தி ஜே.பி.ஜே.வுக்குப் போகவில்லை என்று அர்த்தம். 2023 பிப்ரவரியிலிருந்து சாலை வரி ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே விற்பவரின் கைப்பேசியில் மைஜே.பி.ஜே. செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் 'ஹாஃப்கட்' கார்களின் இன்ஜினைப் பொருத்துவது நம் பட்டறைகளில் சாதாரணம். முறையாகச் செய்தவரிடம் இன்ஜின் வாங்கிய ரசீது, சுங்கப் பத்திரம், பரிசோதனை அறிக்கை எல்லாம் இருக்கும். கிராண்டிலும் புதிய இன்ஜின் எண் ஏறியிருக்கும். பதியாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்க இடமுண்டு.

இன்ஜினை மாற்றலாம், சாயத்தை மாற்றலாம். காரின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி இருப்பது சேசிஸ் எண். புரோட்டோன் கார்களில் அது 'பி.எல்.1' என்று தொடங்கும். சத்ரியாவில், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் அது குத்தப்பட்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ, வெல்டிங் கோடோ, அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயமோ தெரிந்தால் காரைத் தொட வேண்டாம். விபத்தில் நொறுங்கிய காரின் கிராண்டைத் திருட்டுக் காருக்குப் பொருத்தி விற்பவர்கள் செய்கிற வேலை அது.

பெயர் விஷயம் இன்னும் சிக்கலானது. 'சம்புங் பாயார்' நம்மவர் பலருக்கும் தெரியும். கிராண்டில் ஒருவர் பெயர், மாதத் தவணை கட்டி ஓட்டுபவர் இன்னொருவர், அவரிடம் வாங்கியவர் மூன்றாமவர். ஆனால் தவணைக் கொள்முதலில் கடன் தீரும்வரை கிராண்டில் வங்கியின் உரிமைக் குறிப்பு நிற்கும். சம்மன் வந்தால் முதல் ஆளின் வீட்டுக்குத்தான் போகும். தவணை நின்றால் கார் இழுத்துச் செல்லப்படும்; ரிம், டர்போ என்று மூன்றாமவர் கொட்டிய பணமும் அதோடு போகும். "ஒரே ஓனர்" என்பது சில நேரம் இப்படித்தான் உண்மையாகிறது: பதிவில் ஒருவர், ஓட்டியவர்களோ நான்கு பேர்!

ஆகவே அந்த இளைஞர் முன்பணத்தை நீட்டுவதற்குமுன் கிராண்டிலுள்ள பெயரையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒப்பிடட்டும். பிறகு, பெயர் மாற்றத்துக்கான 'பி5' பரிசோதனைக்குக் காரை முதலில் கொண்டுபோகும்படி கேட்கட்டும். அங்கே இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பதிவோடு சரிபார்ப்பார்கள். முழுப் பணத்தையும் அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.