ஏழு குழிகளும் ஒரு கையும்

(தவக்காலம் இரண்டாம் ஞாயிறு – வானொலி மறையுரை)



தஞ்சைச் சீமையில் பிறந்த நமக்கு மலை என்றாலே வியப்புதான். வயல், வரப்பு, வாய்க்கால் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் சமமாகக் கிடக்கும் வண்டல் மண் நம்முடையது. 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயிலுக்கே கல் வெளியூரிலிருந்துதான் வந்தது. அதனால், இந்த ஆண்டு பீடச்சிறுவர்களை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டபோது, "மலைக்கு, ஃபாதர்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சம்பா அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்குப் புறப்பட்டோம். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் கருங்கல் மலை அது. உயரம் ஏறக்குறைய 200 அடி. மேற்குச் சரிவில், 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் கொண்ட சமணக் குடைவரைக் கோயில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் கால்கள் ஓடியது ஏழடிப்பட்டத்துக்கு. மலையின் கிழக்கு முகத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, இயற்கையாக அமைந்த குகை. அதற்குள் சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த 17 கற்படுக்கைகள். அங்கே போவதற்குச் செங்குத்துப் பாறையை ஒட்டிக் குறுகலான வழி. காலூன்றுவதற்காகப் பாறையில் ஏழு குழிகளை வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெயர். இப்போது பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் உண்டு.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் கீழே எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "வரப்புல ஓடுறவனுக்குப் பாறையில கால் நடுங்குதுடா!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பங்குத்தந்தையும் உண்டு. "கம்பியைப் பிடிச்சிக்கிட்டு வாப்பா, ஒண்ணும் ஆகாது" என்று முன்னால் நின்றுகொண்டு நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அறிவுரை சொல்ல நமக்குக் கற்றுத்தரவா வேண்டும்! அவன் அசையவில்லை.

சமையலுக்காக எங்களோடு வந்திருந்தார் நம் கோயில்பிள்ளை. அறுபதைத் தாண்டியவர். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். சிறுவனின் அருகில் குனிந்து, அவன் குதிகாலைத் தன் கையால் பிடித்து, முதல் குழிக்குள் வைத்தார். "இங்க வை தம்பி. கல்லு தாங்கும். அடுத்தத நான் காட்டுறேன்." இப்படி ஏழு முறை குனிந்தார். சிறுவன் குகைக்கு வந்து சேர்ந்தான். எங்கள் சிரிப்பு அடங்கிப்போனது.

அந்தக் குகையில் ஒரு படுக்கையின் ஓரத்தில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு, சிறுபோசில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை அது என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். எருமைநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பார்கள். எங்கிருந்தோ வந்த துறவிக்கு இங்கே ஒருவர் கல்லைக் குடைந்து இடம் செய்து கொடுத்திருக்கிறார்! நம் சமயம் வேறு, அவர்கள் சமயம் வேறு. ஆனால் அந்த அன்புக்கு முன் தலை வணங்கத் தோன்றியது.

அப்போது அந்தச் சிறுவன் கேட்டான்: "குழிய வெட்டினது யாரு ஃபாதர்?" படுக்கை செய்தவர் பெயரைக் கல்லில் காட்ட முடிந்தது. குழி வெட்டியவர் பெயரைக் காட்ட முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியிலும் ஒரு மலை வருகிறது. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் ஆண்டவர் உயர்ந்த மலைக்கு அழைத்துச் செல்கிறார். அவருடைய முகம் கதிரவனைப் போல் ஒளிர்கிறது. பேதுரு அங்கேயே கூடாரம் அமைக்க ஆசைப்படுகிறார். பிறகு மேகத்திலிருந்து குரல் கேட்கிறது. சீடர்கள் அஞ்சி முகங்குப்புற விழுகிறார்கள். இயேசு என்ன செய்தார்? தூரத்தில் நின்று தைரியம் சொல்லவில்லை. அருகில் வந்து, அவர்களைத் தொட்டு, அதன் பிறகுதான் எழுந்திருக்கச் சொன்னார். அவர் தொட்டதை நற்செய்தியாளர்களுள் மத்தேயு மட்டுமே குறிப்பிடுகிறார். மலையை விட்டு இறங்கியதும், நோயுற்ற மகனுக்காக ஒரு தகப்பன் அங்கே காத்திருக்கிறான்.

இதைப் படிக்கும்போது நம் பங்கில் ஒருவரை நினைக்கிறோம். குடியை விட வேண்டும் என்று அவர் கண்ணீரோடு வந்து நின்றார். செபமாலை சொல்லுங்கள், பூசைக்கு ஒழுங்காக வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். நல்ல அறிவுரைதான், பிடித்துக்கொள்ளக் கம்பியைக் காட்டினோம். ஆனால் வேலை முடிந்து அவர் கடையைக் கடந்து வீடு திரும்பும் அந்த மாலை நேரத்தில் கூட நடக்க ஒருவரும் போகவில்லை. இன்று அவர் கோயிலுக்கு வருவதில்லை. அவருடைய குதிகாலை நாம் தொடவில்லை.

இந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போம், சிலுவைப்பாதை செய்வோம். அவற்றோடு, வழியில் உட்கார்ந்துவிட்ட ஒரே ஒருவரைத் தேடிப் போவோம். தேர்வில் தோற்ற பிள்ளையோடு மாலையில் உட்கார்ந்து படிக்கலாம். கைம்பெண்ணின் உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கும் உடன் போகலாம். நம் பெயரை அங்கே எழுதி வைக்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு இந்த வாரம் நாங்கள் போகிறோம். உங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சி விழுந்தவர்களைத் தொட்டு எழுப்பிய ஆண்டவர் நம் கைகளையும் அதற்காகப் பயன்படுத்துவாராக. ஆமென்.