செவிலியர் ஆய்வில் எண்ணும் சொல்லும்

நோயாளிக்கு இரவு நன்றாகக் கழிந்ததா என்று பொதுப்பட வினவுவதைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கண்டித்தார். ஐந்து நாள் இரவு பகலாகக் கண்மூடாமலே இறந்த ஒருவரைப் பற்றியும், இரவில் இடையிடையே விழித்துக்கொண்ட வேறொருவரைப் பற்றியும் ஒரே விடை கிடைத்ததை 1859-இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேளுங்கள் என்றார்.

எண்ணுக்கு அத்துணை வலிமை உண்டு. ஆயினும் எண் எல்லாவற்றையும் உரைத்துவிடுமா? வேற்று மாநிலத்து மருத்துவமனையில் படுத்திருக்கும் நம்மவர் ஒருவரிடம், வலி பத்தில் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அவர் ஐந்து விரலைக் காட்டுகிறார். கடுக்கிறதா, குத்துகிறதா, எரிகிறதா என்பது அந்த ஐந்தில் இல்லை.

அளந்தறிவதே உண்மை என்பர் ஒரு சாரார். பட்டவர் சொல்லே உண்மை என்பர் மற்றொரு சாரார். இரண்டையும் சேர்த்தாளும் கலப்புமுறை ஆய்வாளர் பலர், அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் பயன்வழிக் கொள்கையைத் துணைக்கொள்கின்றனர். எதிர்ப்பட்ட இடரைத் தீர்க்கும் செயலிலேயே அறிவு சோதிக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. இதனை வெறும் சமரசம் என்று கொள்வது பிழை. வலி குறைந்தது என்று எண்ணும், தாங்க முடியவில்லை என்று சொல்லும் முரணுமாயின், அவற்றுக்குச் சராசரி காண இயலாது. செவிலியர் மீண்டும் கட்டிலருகே சென்று, இம்முறை நோயாளி அறிந்த மொழியில், கேட்டாக வேண்டும்.