மருந்து பொதுவாக இருக்கட்டும்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே கம்பீரமாக வீற்றிருக்கிற காசுக்காரப் பெருமக்களே! (சிரிப்பு) மண்ணைப் பிசைந்து, சூளையிலே சுட்டு, பீங்கானாக்கி ஊர் ஊராக அனுப்புகிற விருத்தாசலத்துப் பக்கத்திலே, இந்த நல்லூரிலே, பாயும் பிள்ளைகளுமாக வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

"அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றது கட்டற்ற மென்பொருளா, காசு கொடுத்து வாங்கும் கம்பெனி மென்பொருளா?" இதுதான் தலைப்பு. மென்பொருள் என்றதும் பயந்துவிடாதீர்கள் அம்மா. கம்ப்யூட்டர் உடம்பு, அதை ஆட்டி வைக்கிற உயிர் மென்பொருள். அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசிய தங்கை என்ன கேட்டார்? "ஓசியிலே கிடைக்கிறது உருப்படுமா? மாசக் கடைசியிலே சம்பளப் பட்டியல் போடுறப்போ கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா யாருக்குப் போன் பண்ணுவீங்க? எங்க கம்பெனிக்காரன் ஓடி வருவான். உங்களுக்கு எவன் வருவான்?" நியாயமான கேள்வி. நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். (சிரிப்பு)

பதிலை வள்ளுவரிடம் கேட்போம். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார் அவர். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். கவனியுங்கள், வைத்தியர் வேறு, மருந்து வேறு! தங்கையின் ஏற்பாட்டிலே இரண்டும் ஒருவர் கையிலே. மருந்திலே என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார். இன்னொரு வைத்தியர் அதைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. நாளைக்கு அவரே, "இதற்கு இனி மருந்து கிடையாது" என்று கையை விரித்துவிட்டால்?

விரித்தாரே! விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதன் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. ஒரு காலத்தில் உலகத்தையே ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், "இன்னும் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சுமார் 55 லட்சம் பவுண்டு கட்டியது. நம்ம தமிழ்நாட்டு அரசு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி துறைகளைக் கேட்டுக்கொண்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் இதே கதைதான். நிறுவனங்களுக்கு மேற்கொண்டு ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் பட்டியல் விலை கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு. மூன்றாம் வருஷம் அதற்கும் இரண்டு மடங்கு. நடுவர் அவர்களே, இது பராமரிப்பா, கந்துவட்டியா? (பலத்த கைதட்டல்)

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன? அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். இந்த வகை மென்பொருளை நீங்கள் ஓட்டலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். விலை இல்லை என்பதைவிட விலங்கு இல்லை என்பதுதான் இதிலே விசேஷம். இந்த ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் கோப்பையை விற்றுவிட்டு, "இதிலே நான் சொல்ற காப்பியைத்தான் குடிக்கணும்" என்று சொல்வாரா? சொன்னால் நம்ம தாய்மார்கள் கோப்பையை எங்கே வீசுவார்கள்? (சிரிப்பு)

எதிரணி சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அவர்களுக்காக நானே சொல்கிறேன். எக்ஸ்பி நின்றதற்கு முதல் நாள், 2014 ஏப்ரல் 7. 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. எங்கே ஓட்டை? ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற கட்டற்ற மென்பொருளிலே! உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்தது அது. அந்தப் பூட்டை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர். வருஷத்துக்கு வந்த நன்கொடை? ஏறக்குறைய 2,000 டாலர். உலகமே குடித்த கிணறு. தூர் வார ஒருத்தரும் காசு கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் கூகுள், பேஸ்புக் எல்லாம் பணம் போட்டன. தங்கையின் செல்லப்பிள்ளை மைக்ரோசாப்டும் போட்டது! (சிரிப்பு)

ஆகவே மருந்து பொது என்பதற்காக வைத்தியரைப் பட்டினி போடாதீர்கள். காசு கொடுங்கள். ஆனால் பூட்டுக்குக் கொடுக்காதீர்கள், உழைப்புக்குக் கொடுங்கள். 1993-ல் தொடங்கிய ரெட் ஹாட் கம்பெனி, எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸை வைத்துக்கொண்டு, பராமரிப்பை விற்றே பிழைத்தது. 2019-ல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இப்போது சொல்லுங்கள் தங்கை, ஓசி உருப்படுமா, உருப்படாதா? (கைதட்டல்) இந்த ஏற்பாட்டிலும் ராத்திரி போன் பண்ண ஆள் உண்டு. அந்த ஆள் சரியில்லை என்றால், மருந்தை மாற்றாமல் வைத்தியரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது ஆள்? பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர்! தமிழ்நாட்டிலே 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலே விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பெட்டிக்குள்ளே இரண்டையும் வைத்தால் போதுமா? சொல்லித்தர ஆள் வேண்டாமா? கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளிலே கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களே ஆரம்பித்தார்கள். அங்கே பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர் யார்? அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே!

நம்ம பிள்ளையின் மதிப்பெண், வீட்டு வரிக் கணக்கு, நிலத்துப் பட்டா எல்லாம் இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கின்றன. அந்த வீட்டுச் சாவி நம்ம கையிலே இருக்க வேண்டாமா? வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டுகிற சந்தாவிலே ஒரு பங்கை, இந்த விருத்தாசலத்துப் பக்கம் படித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைக்குச் சம்பளமாகக் கொடுங்கள். பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும், ஒரு வீட்டிலே அடுப்பும் எரியும்.

மருந்து ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். வைத்தியருக்குக் கூலி தவறாமல் போகட்டும். ஏற்றது கட்டற்ற மென்பொருளே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)