மேடையில் எடுக்காத மேடைப் படங்கள்

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நாடகம் பார்த்துத் திரும்பியவர்கள், மனசுக்குப் பிடித்த நடிகையின் படத்தைக் கடையில் வாங்கி வீட்டு ஆல்பத்தில் செருகி வைப்பார்கள். இதற்கு வழி திறந்தவர் பாரிஸ்காரரான தீஸ்தேரி. ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கும் முறைக்கு 1854-இல் அவர் காப்புரிமை வாங்கினார். விலை இறங்கியது. விசிட்டிங் கார்டு அளவிலான படம் ஒட்டிய அட்டைகள் 1860-களில் வீடுவீடாகப் புகுந்தன. 1866-இல் கேபினட் கார்டு வந்தது. ஆறரை அங்குல உயரம் என்பதால் உடையின் ஜரிகை வரை தெரியும். நாடகக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் இந்தப் படங்களில் எதுவுமே நாடகம் நடக்கும்போது எடுத்ததல்ல. அன்றைய தகடுகளுக்கு அரங்கின் கேஸ் விளக்கு வெளிச்சம் போதாது. அதனால் நடிகர்கள் பகலில் வேஷம் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோவுக்கு வருவார்கள். அங்கே திரையில் வரைந்த காடும் கோட்டையும் காத்திருக்கும். கத்தியை ஓங்கியபடியே சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். தலை ஆடாதபடி பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொள்ளும். பழைய அட்டை கிடைத்தால் முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் காலடியைப் பாருங்கள். அந்தத் தாங்கியின் அடிப்பாகம் பல படங்களில் செருப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். எனக்கு இந்தப் படங்களில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

இந்தத் தொழிலில் நியூயார்க்கின் நெப்போலியன் சரோனியை மிஞ்ச ஆளில்லை. 1880-இல் அமெரிக்கா வந்த பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் தன் கேமரா முன்னால் நிற்பதற்குச் சரோனி 1500 டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். பணம் கொடுத்தவர் படம் பிடித்தவர், வாங்கியவர் நடிகை! விற்பனையில் அதற்கு மேல் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. 1882-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைச் சரோனி எடுத்த படத்தை ஓர் அச்சகம் அனுமதியில்லாமல் பிரதி எடுத்து விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. படம் எடுப்பது இயந்திரம், இதில் ஆசிரியர் எங்கே வந்தார் என்று அச்சகத்தார் வாதாடினார்கள். நிற்கும் பாங்கு, உடை, ஒளி, நிழல் எல்லாவற்றையும் அமைத்தவர் சரோனிதான், அவரே ஆசிரியர் என்று 1884-இல் தீர்ப்பானது. இதில் வேடிக்கை, கேமராவை இயக்கும் வேலையைச் சரோனி பெரும்பாலும் உதவியாளரிடம் விட்டுவிடுவார்.

மறுபடி லண்டனுக்கு வருவோம். நடிகை எலன் டெர்ரி 1888-இல் லைசியம் அரங்கில் லேடி மேக்பெத் வேஷம் கட்டினார். அதற்காகப் பச்சை நூலில் பின்னிய அங்கியில் பொன்வண்டு இறக்கைகளை வரிசையாகத் தைத்திருந்தார்கள். விண்டோ அண்ட் குரோவ் ஸ்டூடியோ எடுத்த படத்தில் அந்தப் பச்சை வெறும் பழுப்பாகத்தான் தெரிகிறது. ஆனாலும் நீண்ட பின்னலும் தொங்கும் கைப்பகுதியும் ஆளை அசத்துகின்றன. அங்கி இன்றும் கென்ட் மாவட்டத்தில் அவருடைய ஸ்மால்ஹைத் வீட்டில் இருக்கிறது.

சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் இருந்தால் காலத்தைக் கணிக்கலாம். அப்போதைய தாளில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருப்பார்கள், அதனால் வெளிறிய இடங்கள் மஞ்சள் பாய்ந்திருக்கும். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த பிரதி. அசல் என்று சொல்லி எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.