காடியும் காரமும்

(மாணவர் தமிழ்மன்றத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு வேதியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பொருளறியாமல் சொல்லாக்க முடியாது. ஆக்கினால் பிழையே பெயராய் நின்றுவிடும். அவ்வாறு நின்ற ஒரு பெயரைக் காட்டவே வந்துள்ளேன்.

பாடநூல் கூறும் 'அமிலம்', புளிப்பு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. புளித்த கஞ்சியை நம் முன்னோர் 'காடி' என்றனர். அச்சொல்லே நமக்குப் போதும். எலுமிச்சையும் புளியும் தயிரும் புளிப்பது காடியால். முசிறு கடித்த இடம் எரிவதும் அது பீய்ச்சும் காடியால். நம் இரைப்பையில் சோறு செரிக்கத் துணை செய்வதும் ஒரு காடியே.

காரம் என்றதும் மிளகாயை நினையாதீர்கள். மிளகாயின் உறைப்பு வேறு. வேதியலில் காரம் என்பது காடியின் வலிமையை அடக்குவது. சுண்ணாம்பு நீர், சாம்பல் நீர், துணி வெளுக்கும் உவர்மண் ஆகியவை காரத்தன்மை உடையவை.

இவற்றை எப்படி அறிவது? நாக்கில் வைத்துப் பாராதீர்கள், வெந்துவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு இடுங்கள், சிவக்கும். அதுவே நம் ஆலத்தி நீர். அதில் எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழியுங்கள், மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். செம்பருத்தி இதழின் சாறோ காடியில் சிவந்தும் காரத்தில் பசுமையுற்றும் இரண்டையும் காட்டும்.

இனி அப்பெயரின் கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே, காடிகள் அனைத்திலும் ஒரே வளி உண்டு, புளிப்பைத் தருவது அதுவே எனக் கருதினார். எனவே கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்கு 'ஆக்சிசன்', அதாவது 'புளிப்பாக்கி' எனப் பெயரிட்டார். செருமானியரும் தம் மொழியில் 'புளிப்புப்பொருள்' என்றே அதனைப் பெயர்த்துக்கொண்டனர். 1810-இல் ஆங்கில அறிஞர் அம்பிரி இடேவி, உப்பிலிருந்து வடிக்கும் உப்புக்காடியில் அவ்வளி சிறிதும் இல்லை எனக் காட்டினார். அதிலிருப்பவை நீரகமும் குளோரினுமே. கொள்கை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. இன்றும் அப்பிழையை உலகம் நாள்தோறும் ஒலிக்கிறது. நாமோ அவ்வளியை 'உயிரகம்' என்கிறோம். உயிர் தாங்கும் அதன் பண்பைச் சொல்லும் அப்பெயரில் அப்பிழை இல்லை.

அப்படியானால் புளிப்பைத் தருவது எது? 1838-இல் செருமானிய அறிஞர் இலீபிக்கு, மாழைகளால் வெளியேற்றத்தக்க நீரகம் உடையவையே காடிகள் என்றார். சுவீடன் நாட்டு அரீனியசு, நீரில் கரைந்த காடியிலிருந்து நீரகம் மின்னேற்றம் பெற்றுப் பிரிகிறது என்றார். காரத்திலிருந்தோ நீரகமும் உயிரகமும் சேர்ந்த இணை பிரிகிறது என்றார். இவ்விரண்டும் கூடினால் நீராகும், எஞ்சியவை உப்பாகும். உப்புக்காடியும் எரிசோடாவும் அளவொத்துச் சேர்ந்தால் கிடைப்பவை சோற்றுப்பும் நீருமே. தனித்தனியே தோலை அரிக்கும் இரண்டு, ஒன்றுபட்டால் உணவுக்குரிய உப்பாகும் வியப்பைப் பாருங்கள்!

அம்மோனியாவில் அத்தகைய இணை இல்லை. ஆயினும் அது காரமே. எனவே 1923-இல் பிரான்சுட்டெடும் இலவுரியும் தனித்தனியே இலக்கணத்தை விரித்தனர். மின்னேற்ற நீரகத்தைக் கொடுப்பது காடி, கொள்வது காரம். இது கொடையும் கோடலும் போன்றது. கொள்வோன் இல்லாமல் கொடுப்போன் இல்லை.

வலிமையை அளக்க ஓர் அளவுகோலும் உண்டு. 1909-இல் தென்மார்க்கு அறிஞர் சோரன்சென் அதனை வகுத்தார். பள்ளி நூல்கள் பி.எச். என்பது அதுவே. தூய நீர் 7. அதற்குக் கீழே காடி, மேலே காரம். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. நம் குருதி 7.4. ஒவ்வொரு படி இறங்கும்போதும் மின்னேற்ற நீரகம் பத்து மடங்கு பெருகும். ஆகவே 5 என்பது 7-ஐ விட நூறு மடங்கு.

மாணவர்களே! தமிழில் கலைச்சொல் வேண்டுமென விழைவது நன்று. ஆனால் அகரமுதலியை மட்டும் புரட்டிச் சொல்லாக்கினால் இலவாசியேவுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். அவர் பேரறிஞர், அவருக்கே சொல் முந்திக்கொண்டது. ஆய்வுக்கூடத்திற்குள் செல்லுங்கள்; பொருளைக் கண்டு, பிறகு பெயரிடுங்கள். அந்தத் தமிழே நிற்கும்.